தொழிற்கல்விப் பாடம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள்

பள்ளியில் தொழிற்கல்வி எடுக்கலாமா என்ற பேச்சு வந்தாலே வீட்டில் இரண்டு குரல்கள்தான் கேட்கும். மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் அது என்பார் ஒருவர், சீக்கிரம் சம்பாதிக்கலாம், யோசிக்காமல் சேர்ந்துவிடு என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அந்தப் பாடம் நடக்கிற அறையை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எலக்ட்ரிக்கல், வெல்டிங், ஆட்டோமொபைல், கணக்குப் பதிவியல், கேட்டரிங், நோயாளிப் பராமரிப்பு, வெப் டிசைன் என்று வரிசையாக இருக்கின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. போதாததற்கு, ஒரே பெயருள்ள பாடம் ஒரு பள்ளியில் பிரமாதமாகவும் அடுத்த பள்ளியில் வெறும் கரும்பலகையோடும் நடக்கும். அதனால் பெயரை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

முதல் வேலை, பிராக்டிகல் வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்து அனுமதி கேட்டு உள்ளே போவது. அட்மிஷனுக்காக அலங்கரித்து வைக்கிற நாளில் போனால் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும், சாதாரண நாளில் போங்கள். உள்ளே போனதும் இயந்திரங்களையும் மாணவர்களையும் எண்ணுங்கள். 20 பேருக்கு ஒரு லேத் (இரும்பைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம்), வகுப்பு 2 மணி நேரம் என்றால் ஆளுக்குக் கிடைப்பது 6 நிமிடம். 6 நிமிடத்தில் ஜாப்பை, அதாவது செய்யப்போகிற இரும்புத் துண்டை, லேத்தின் பிடிப்பானான சக்கில் மாட்டி நேராக்கவே சரியாக இருக்கும், மீதி நேரம் முழுக்க அடுத்தவர் செய்வதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். லேத்துக்கு அடியில் இரும்புச் சீவல் கிடக்கிறதா? நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் காலிப்பரும் மைக்ரோமீட்டரும் மாணவர் கையில் இருக்கின்றனவா, அல்லது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா? கீழே விழுந்தால் கெட்டுவிடும் என்று பூட்டி வைக்கிற இடத்தில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் படித்துப் பழக எந்த வழியும் இல்லை.

அப்புறம் பாதுகாப்பு. ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டிக்கொடுக்கிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போகிற பையனை அவர் நிறுத்துகிறாரா? சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையுறை, மோதிரம், தொளதொளத்த சட்டைக் கை எல்லாம் ஆபத்து, சிக்கினால் கையையே இழுத்துவிடும். வெல்டிங் அறையைச் சுற்றித் திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெல்டிங் பொறியான ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் வெல்டிங் அடிப்பவருக்கு மட்டும் வைக்கிற வினை இல்லை, பக்கத்தில் சும்மா நின்றவர் கண்ணையும் பதம் பார்க்கும், அதுவும் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்த ஆரம்பிக்கும். திரையே இல்லாத பட்டறை என்றால் அந்தப் பள்ளியைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

அடுத்து சிலபஸ் எந்தக் காலத்தது என்று பாருங்கள். முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம், துறைக்கு ஒரு கேள்வி போதும். ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் பாடம் என்றால் எந்த வாயுவை வைத்துச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேளுங்கள். 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி (ஓசோன் படலத்தைக் காக்க வந்தது) ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயு வளர்ந்த நாடுகளில் 2020க்குள் ஏறக்குறைய முழுதாக விலக்கப்பட்டுவிட்டது, வளரும் நாடுகளுக்கு 2030 கெடு. பழைய ஏசியைப் பழுது பார்க்க அதைத் தெரிந்து வைத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் இப்போது வருகிற ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பிடிக்கக் கூடியவை, ஆர்-290 என்பது சாட்சாத் புரொப்பேன்தான், அதைக் கையாளுகிற முறையே வேறு. வெப் டிசைன் பாடத்தில் இணையப் பக்கத்தில் அனிமேஷன் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் இன்னும் இருந்தால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடலாம், 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. ஆட்டோமொபைலில் பழைய வண்டிகளில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரோடு பாடம் முடிந்துவிடுகிறதா, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார், மின்சார வண்டியின் உயர் மின்னழுத்த பேட்டரி வரை போகிறதா என்று கேளுங்கள்.

கணக்கு வராது, அதனால் தொழிற்கல்வி எடுக்கிறேன் என்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு தடையைத் தாண்டிக் குழாயை இரண்டு வளைவாக வளைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். 30 டிகிரியில் வளைத்தால், எவ்வளவு விலக வேண்டுமோ அதைப் போல 2 மடங்கு தூரம் இடைவெளி விட்டு இரண்டு வளைவுக்கும் குறி போடுவார். 45 டிகிரி என்றால் 1.414 மடங்கு. அந்த 2 எங்கிருந்து வந்தது? சைன் 30 என்பது அரை, அதைத் தலைகீழாக்கினால் 2. வகுப்பில் எதற்கென்றே தெரியாமல் மனப்பாடம் செய்த அதே டிரிக்னாமெட்ரிதான். பேக்கரிப் பாடத்திலும் தப்ப முடியாது: மாவை 100 என்று வைத்து, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் எல்லாவற்றையும் அதன் சதவீதமாகத்தான் எழுதுவார்கள். கையில் பொருள் இருந்தால் கணக்கு புரிகிற ஆட்கள் நிறைய உண்டு, நீங்கள் அந்த ரகம் என்றால் இது உங்களுக்கு நல்ல இடம். கணக்கே கூடாது என்பவருக்கு இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். யார் கொடுக்கிறார்கள், பள்ளியா அரசு அமைப்பா? வேலைக்கு எடுப்பவர்கள் அதை மதிக்கிறார்களா? முக்கியமாக, இதை முடித்தபின் டிப்ளமோ, பட்டம் என்று மேலே போக எந்தப் பாடங்கள் கட்டாயம்? சுவிட்சர்லாந்தில் மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் தொழிற்பயிற்சி வழியைத்தான் எடுக்கிறார்கள், அங்கே அது தோற்றவர்கள் போகிற பாதை கிடையாது, காரணம் கூடுதலாக ஒரு தேர்வு எழுதினால் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களுக்குள் போகலாம். பின்லாந்தில் தொழில் தகுதியையும் கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் தேர்வையும் சேர்த்தே முடிக்க முடியும். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு வாசல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழி இருந்தும், கணிதத்தையோ அறிவியலையோ விட்டதால் அது மூடிப்போகிற கதை ரொம்ப சகஜம்.

அந்த வேலையைச் செய்கிற ஒருவரோடு ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், இந்த வேலையில் உடம்பில் எங்கே வலிக்கும் என்று கேளுங்கள். சமையல்காரருக்கு நாள் முழுக்க நிற்பதும் சூடும், நோயாளிப் பராமரிப்பில் மலம், சிறுநீர், ராத்திரி ஷிஃப்ட், கணக்குப் பதிவில் மாதக் கடைசி நெருக்கடி. இதைக் கேட்டபிறகும் பிடித்திருந்தால் சரி, தைரியமாகச் சேரலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சி என்ற பெயரில் பிள்ளையைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பும்போது என்ன கற்றுத் தருவார்கள், எத்தனை மணி நேரம், அடிபட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆபத்தான வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18 என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, முறையான பயிற்சியும் பாதுகாப்பும் இருந்தால் மட்டுமே நாடுகள் 16 வரை அனுமதிக்கலாம். ஜெர்மனியில் 2 முதல் 3½ ஆண்டுகள் வரை நிறுவனத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிப் படிக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒப்பந்தமும் உதவித்தொகையும் தேர்வும் இருக்கின்றன. மாதக்கணக்கில் போயும் பிள்ளை தரை கூட்டிக்கொண்டும் டீ வாங்கிக்கொண்டும் இருந்தால் அது பயிற்சி இல்லை, ஓசி வேலை. பள்ளியிடம் உடனே பேசுங்கள்.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். செய்த ஒவ்வொரு ஜாப்பின் படம், கேட்ட அளவு, வந்த அளவு, ஏன் தப்பாகிப் போனது, இவ்வளவு போதும். வேலைக்கான நேர்காணலில் போய் உட்காரும்போது மார்க் ஷீட்டைவிட அந்த நோட்டுதான் அதிகம் பேசும், குறிப்பாகக் கெட்டுப்போன ஜாப்களின் பக்கங்கள். விலை உயர்ந்த டூல் கிட் எல்லாம் ஆரம்பத்திலேயே வாங்க வேண்டாம், எதை அடிக்கடி எடுக்கிறோம் என்று கைக்குத் தெரிந்தபிறகு ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைச் சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்: பிடிக்கவில்லை என்றால் எந்தத் தேதி வரை வேறு பிரிவுக்கு மாறலாம், மாறினால் இதுவரை படித்தது கணக்கில் வருமா?