முயல் பிள்ளைக்கு, பொறுப்பு பெரியவர்களுக்கு

பள்ளி லீவு விட்டதும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகள் முயல் கேட்டு நச்சரிப்பார்கள். வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அது 8, 10 வருடம் வாழும் உயிர். இன்று ஐந்தாவது படிக்கிற பிள்ளை காலேஜ் போகிறவரைக்கும் கூண்டைக் கழுவப்போவது நீங்கள்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் இந்த வெயில். கோடையில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் 40 டிகிரியைத் தொட்டுவிடும். முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். 30 டிகிரி தாண்டினாலே தவித்துப்போகும். தகரக் கூரைக்கு அடியில் கூண்டை வைக்கவே வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டுக்குள் படுக்கப் போடுங்கள். முயல் தானாக வந்து, காதைப் பின்னால் மடக்கி, அதன்மேல் சாய்ந்துகொள்ளும்.

கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும், முக்கியத் தீனி புல்தான். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்றால்தான் தேயும். அப்புறம், மருந்து அடித்த வரப்பில் அறுக்காதீர்கள்.

தினமும் காலையில் புழுக்கையைப் பெரியவர் ஒருவர் பார்க்கவேண்டும். அரை நாளாகத் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து மடியில் விடுங்கள். உதறிக் குதித்தால் முயலுக்கு முதுகெலும்பே முறிந்துவிடும்.

தோப்பில் கிடைத்த காட்டுமுயல் குட்டியா? அதை வளர்க்கக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.