புதுப் பள்ளியில் ஃபுட்பால் அணி: ஆரம்பத்திலேயே செய்துவிடும் தவறுகள்

டெக்சஸில் டாலஸைச் சுற்றியுள்ள ஊர்கள் வேகமாக வளர்கின்றன. அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளி புதிதாகத் திறந்தால், ஊரே கேட்கும் கேள்வி "ஃபுட்பால் டீம் எப்போ?" என்பதுதான். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் அந்த ஊர்களுக்குத் திருவிழா மாதிரி. அந்த அவசரத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது: முதல் வருடமே வார்சிட்டி அணியாக, அதாவது பள்ளியின் முதன்மை அணியாக, களத்தில் இறங்கிவிடுவது.

புதுப் பள்ளிகள் பலவும் முதலில் 9, 10ஆம் வகுப்புகளோடு மட்டுமே தொடங்கும். அணியிலேயே மூத்த பையனுக்கு 15, 16 வயதுதான் இருக்கும். எதிரே நிற்பவனோ மூன்று வருடம் எடை தூக்கி உடம்பை இறுக்கிக்கொண்ட 18 வயதுக்காரன். தோற்பதை விடுங்கள், அடிபடுமே! அடிபட்ட பையனைப் பார்த்து இன்னும் நாலு பேர் விலகிவிடுவார்கள். அடுத்த வருடம் ஆள் சேர்ப்பதே பெரும்பாடாகிவிடும். முதல் வருடம் ஜூனியர் அணிகளோடு மட்டும் ஆடிவிட்டு, பையன்கள் 11ஆம் வகுப்புக்கு வந்த பிறகு வார்சிட்டிக்குப் போவதே சரி. டெக்சஸில் பள்ளி விளையாட்டை நடத்தும் யூஐஎல் அமைப்பு, எந்தப் பள்ளி எந்தப் பிரிவில் ஆடும் என்பதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றி அமைக்கிறது. அவசரப்பட்டுச் சேர்ந்தால் அவ்வளவு காலம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சின்னப் பள்ளி என்றால் பதினொரு பேர் ஆட்டமே வேண்டாம். ஆறு பேர் ஆடும் வடிவம் 1934இல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்லர் என்பவர் உருவாக்கியது. மைதானமும் சிறியது, 80 கஜ நீளம், 40 கஜ அகலம். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து, பதினைந்து பையன்களை வைத்துக்கொண்டு பதினொரு பேர் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி ஆட்டத்திலேயே பையன்கள் சுருண்டுவிடுவார்கள்.

அப்புறம் பணம். ஸ்கோர்போர்டுக்கும் சீருடைக்கும் நன்கொடை சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரியும். முதல் செலவு, விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னருக்கும் ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்கும்தான் போக வேண்டும். பயிற்சி தொடங்குவது ஆகஸ்ட் வெயிலில். வெப்பத்தால் ஒரு பையன் தடுமாறி விழுந்தால், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கழுத்தளவு குளிர்ந்த நீரில் இறக்கி, உடல் சூடு தணிந்த பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சூட்டைக் குறைத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். முதல் நாளே முழுக் கவசத்தோடு ஓடவிடுவதும் கூடாது. முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்த மூன்று நாள் தோள் கவசமும் சேர்த்து, ஆறாம் நாளிலிருந்துதான் எல்லாம் என்று மருத்துவ வழிகாட்டுதலே இருக்கிறது.

பக்கத்துப் பள்ளி பழைய ஹெல்மெட்டுகளைச் சும்மா தருகிறதா? உள்ளே இருக்கும் தயாரிப்பு வருடத்தைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதைப் பழுதுபார்க்கும் நிறுவனங்களே எடுப்பதில்லை. புதியதையும் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். விளிம்பு புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். தோல் நகராமல் ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அது தளர்வு. சீசன் நடுவில் பையன் முடி வெட்டிக்கொண்டு வந்தால் மறுபடி பாருங்கள். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கினாலும் தகும்.

ஆட்டத் திட்டங்களைப் பொறுத்தவரை, தடிமனான புத்தகத்தோடு வரும் பயிற்சியாளர் புது அணிக்குச் சுமை. பந்தோடு ஓடும் திட்டங்கள் நாலைந்து, பந்தை எறியும் பாஸ் திட்டங்கள் இரண்டு மூன்று, தலையைக் குனியாமல் பாதுகாப்பாக டேக்கிள் செய்வது, அதாவது பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவது, ஆகியவை போதும். உதைப்பவருக்குப் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணிப் பக்கம் தூரமாக உதைக்கும் பன்ட் ஆட்டக்காரர் கிட்டத்தட்ட 15 கஜம் பின்னால் நிற்பார். அவர் தலைக்கு மேலே ஒரு பந்து பறந்தாலே ஆட்டம் கைவிட்டுப் போகும். ஜூன் மாதமே இரண்டு பையன்களைப் பிடித்து, தினமும் பத்து நிமிடம் எறியவிடுங்கள்.