சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றுமுன் 1022-க்கு வழிவிடுங்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு கணக்கு அலுவலகத்தின் சர்வரை, ஞாயிறு இரவு தோபாயோ வீட்டிலிருந்தபடியே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் வீட்டு இணையம் அறுந்தது. நல்லவேளை, அலுவலகத்துக்குப் போகக் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கவில்லை.

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக மேம்படுத்தினால், உபுண்டு 1022 என்ற போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் வாசலையும் திறந்து வைக்கும். ஆனால் ஃபயர்வாலில் அந்த எண்ணை அனுமதிப்பது உங்கள் பொறுப்பு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வேலை 'ஸ்க்ரீன்' என்ற நிரலின் அமர்வுக்குள் நடப்பதால் இணைப்பு போனாலும் தொடரும். நான் மறுபடி நுழைந்து, ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு அந்த அமர்வில் சேர்ந்தபோது ஒரு கேள்வி காத்திருந்தது: உங்கள் அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா? அவசரப்படாதீர்கள், 'D' விசையை அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். எஸ்எஸ்எச் கோப்பென்றால் நான் பழையதையே வைத்துக்கொள்வேன்.

20.04-இல் இருப்பவர்கள் நேராக 24.04-க்குத் தாவ முடியாது, நடுவில் 22.04-இல் இறங்கித்தான் ஏற வேண்டும். முழு பேக்கப் எடுக்காமல் தொடங்குவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

முடிந்ததும் 1022-ஐ மூடுங்கள். வெளியார் மென்பொருள் களஞ்சியங்களை உபுண்டு முடக்கியிருக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்து இயக்குங்கள்.