சைக்கிள் திருடு போனால் ஸ்டேஷனில் தட்டிக்கழிக்க விடாமல் புகாரைப் பதிய வைப்பது எப்படி

"ஒரு சைக்கிளுக்கா எஃப்.ஐ.ஆர். கேக்கறீங்க? போங்க, கெடைச்சா கூப்புடறோம்." வட சென்னையில் சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷன் படி ஏறிய யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். பைக் போனால் உடனே நம்பரைக் கேட்கிறார்கள், செல்போன் போனால் ஐ.எம்.இ.ஐ. கேட்கிறார்கள், சைக்கிள் என்றதும் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள். ஆனால் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துக் கேரியரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவருக்கும், கொருக்குப்பேட்டையிலிருந்து மூலக்கொத்தளத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கும், ஐந்து மணிக்குப் பேப்பர் போடும் பையனுக்கும் அந்தச் சைக்கிள் போனால் மறுநாள் சம்பாத்தியம் போகிறது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் போனது தங்கையின் சைக்கிள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. ஹவுசிங் போர்டு வீடு, மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம், காலையில் பார்த்தால் அறுத்த சங்கிலி மட்டும் கிடந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து "சைக்கிள் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு நாள் கழித்துப் போய்க் கேட்டால் அந்தத் தாளே அங்கே இல்லை. ரசீது வாங்கவில்லை, நகல் எடுக்கவில்லை, 'திருட்டு' என்ற சொல்லையே எழுதவில்லை. இந்த மூன்றையும் நீங்கள் விட்டுவிடக் கூடாது.

முதலில், சைக்கிள் இல்லை என்று தெரிந்ததும் செய்ய வேண்டியது. அறுந்த பூட்டோ சங்கிலியோ கிடந்தால் தொடாமல் போட்டோ எடுங்கள், நின்றிருந்த இடத்தையும் சேர்த்து, பின்னால் வீட்டுக் கதவு எண்ணோ கடைப் பலகையோ தெரிகிற மாதிரி. அதற்கப்புறம் தெருவில் எந்தெந்தக் கடையில், வீட்டில் கேமரா இருக்கிறது என்று பாருங்கள். சின்னக் கடைகளில் பதிவு ஒரு வாரம், பத்து நாளில் தானாக அழிந்து புதிது ஏறிவிடும். போலீஸ் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் அது போயே போச்சு. "அண்ணே, ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரைக்கும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா" என்று நீங்களே கேளுங்கள், நம்ம பக்கத்தில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆள் தெரிந்தால் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் திரையையே செல்போனில் வீடியோ எடுங்கள், எந்தக் கடை, எந்த நேரம் என்று குறித்து வையுங்கள். ஆளின் முகத்தைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "திருடன்" என்று பரப்ப வேண்டாம். தவறான ஆளாக இருந்து யாராவது அடித்துவிட்டால் அப்புறம் வழக்கு உங்கள் மேல்.

இனி புகார் மனு. இங்கேதான் எல்லாம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் சாதாரணத் திருட்டு 303(2) பிரிவில் வருகிறது, மூன்று ஆண்டு வரை தண்டனை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் என்று வைத்துவிட்டார்கள், மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வரம்பு கிடையாது. பழைய சைக்கிள் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழே போய்விடும், "சைக்கிளுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். வராது" என்று சொல்வதற்கு ஸ்டேஷனில் வசதியாகவும் போய்விட்டது. சட்டத்தை எழுதியவர்களுக்கு 5,000 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரிந்திருக்கலாம், இங்கே அது பல வீடுகளில் ஒரு மாத வாடகை.

ஆகவே மதிப்பை எழுதாமல் விடாதீர்கள், நீங்கள் எழுதாவிட்டால் அவர்களே "சுமார் 2,000" என்று போட்டுக்கொள்வார்கள். சைக்கிள், பூட்டு, கேரியர், கூடை, அதில் மாட்டியிருந்த பை, பைக்குள் இருந்தது என்று போன எல்லாவற்றையும் தனித்தனியாக விலையோடு எழுதி மொத்தம் போடுங்கள். பில் இருந்தால் நகல் இணையுங்கள், கடைக்காரரிடம் கேட்டால் பழைய பில்லின் நகல் கிடைக்கலாம், ஜிபே-யில் கட்டியிருந்தால் அந்தப் பதிவே போதும். அரசாங்கம் கொடுத்த சைக்கிளுக்குப் பில் இருக்காது, பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இந்த மாணவிக்கு இந்த ஆண்டு வழங்கப்பட்டது என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். பொய்யாகக் கூட்டி எழுத வேண்டாம், விசாரணையில் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

மதிப்பு 5,000-ஐத் தொடவில்லை என்றால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்கே திருடினார்கள், எதற்குப் பயன்பட்ட வண்டி என்று பாருங்கள். ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்குள், அல்லது பொருள் பாதுகாக்கும் கட்டடத்துக்குள் புகுந்து திருடினால் அது 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை தண்டனை, அதில் 5,000 ரூபாய் வரம்பே இல்லை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். அதே பிரிவில், சரக்கோ ஆட்களோ ஏற்றிச் செல்லப் பயன்படும் வாகனத்தைத் திருடுவதும் வருகிறது. வீட்டுக்குள், மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தது என்றால் "வீட்டு வாசலில்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் "நான் குடியிருக்கும் கட்டடத்தின் உள்ளே, மாடிப்படியின் கீழ்" என்று எழுதுங்கள். தண்ணீர் கேன் போடுகிற கேரியர் சைக்கிள், மீன்பாடி வண்டி, டீ விற்கிற சைக்கிள் என்றால் "தினமும் சரக்கு ஏற்றிச் சென்று விற்கப் பயன்படுத்தும் வண்டி" என்று சேருங்கள். எங்கள் எதிர் பிளாக்கில் கேன் போடுகிற அண்ணனுடைய சைக்கிள் போனபோது இந்த ஒரு வரியைச் சேர்த்துத்தான் மனு எழுதினோம், முதல் நாள் திருப்பி அனுப்பியவர்கள் இரண்டாம் முறை போனபோது வாங்கிக்கொண்டார்கள்.

மனு இப்படி இருந்தால் போதும், அழகான தமிழ் தேவையில்லை:

"அனுப்புநர்: (பெயர், முகவரி). பெறுநர்: காவல் ஆய்வாளர் (குற்றப்பிரிவு). ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். எனது (நிறம், கம்பெனி, மாடல்) சைக்கிள், பிரேம் எண் (…), (தேதி) இரவு 10.30 மணிக்கு நான் குடியிருக்கும் கட்டடத்தின் உள்ளே மாடிப்படியின் கீழ் சங்கிலியால் பூட்டி வைத்திருந்தேன். மறுநாள் காலை 5.15 மணிக்குப் பார்த்தபோது சங்கிலி அறுக்கப்பட்டு சைக்கிள் திருடப்பட்டிருந்தது. அடையாளம்: பின் மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர், இடது பெடல் உடைந்து மாற்றியது. மதிப்பு ரூ. (…). எதிரில் உள்ள கடையின் கேமரா பதிவு உள்ளது. திருட்டு வழக்குப் பதிவு செய்து முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

'காணவில்லை', 'தொலைந்துவிட்டது' என்ற சொற்கள் எங்கேயும் வரக் கூடாது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது, "அதுல போட்டுக்கோங்க" என்று சொன்னாலும் போடாதீர்கள். அது சர்டிபிகேட், லைசென்ஸ் தொலைத்தவர்களுக்கு. அதே இணையதளத்தில் புகார் பதிய வேறு இடம் இருக்கிறது, அங்கே பதியலாம். மின்னணு முறையில் கொடுத்த தகவலுக்கு மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சென்னை ஸ்டேஷன்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்று தனித்தனியாக இருப்பார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது குற்றப்பிரிவை. வாசலில் பாராவில் நிற்பவரிடமே கதை முழுவதையும் சொல்லி, அவர் "நாளைக்கு வாங்க" என்றதும் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். "கிரைம் இன்ஸ்பெக்டரைப் பார்க்கணும், அவர் இல்லைன்னா பொறுப்பில் இருக்கிறவரைப் பார்க்கணும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கத்த வேண்டாம். அவர்களும் பந்தோபஸ்து, கோர்ட், இரவு ரோந்து என்று தூங்காமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் களைப்பாக இருப்பதற்காக என் தங்கை மூன்று கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதில் நியாயம் இல்லை.

மனுவைக் கொடுத்ததும் கையோடு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். எண்ணும் தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கு மட்டும்தான் சான்று, வழக்குப் பதிந்ததாக ஆகாது. பலர் அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் தானாகவே விசாரிக்கக்கூடிய குற்றம் என்று தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு சாக்கு, "இது எங்க லிமிட் இல்லை." ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், ரயில் நிலையத்துக்குள் என்றால் ரயில்வே போலீஸ் என்று நம்மைப் பந்தாடுவார்கள். எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றி அனுப்பலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான், இப்போது அது சட்டத்திலேயே இருக்கிறது.

அப்படியும் வாங்க மறுத்தால் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். அதே மனுவோடு, எந்தத் தேதி எத்தனை மணிக்குப் போனோம், என்ன சொல்லி மறுத்தார்கள் என்று ஒரு பக்கம் சேர்த்து, உங்கள் பகுதியின் துணை ஆணையருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மாவட்டத்தில் எஸ்.பி. என்றால் சென்னையில் துணை ஆணையர். தபாலில் அனுப்பும் இந்த உரிமை அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இல் இருக்கிறது, அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. கூடவே வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள், 1100-க்குப் போன் செய்து முதல்வரின் குறைதீர்ப்புப் பிரிவில் ஒரு புகார் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். சைக்கிளுக்காக மாஜிஸ்திரேட் வரைக்கும் எல்லாராலும் போக முடியாது, ஒரு நாள் கூலி போகும். ஆனால் தபால் போடுவதற்கு அரைமணி நேரம் போதும், மேலே இருந்து ஒரு போன் வந்தால் கீழே பேனா தானாக எழுதும்.

வழக்குப் பதிந்த பிறகு விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. சொல்லாவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் புகாரைப் பற்றிக் கேட்பதோடு, கடந்த ஓராண்டில் உங்கள் ஸ்டேஷனுக்கு எத்தனை சைக்கிள் திருட்டுப் புகார் வந்தது, எத்தனைக்கு வழக்குப் பதிந்தீர்கள் என்றும் கேளுங்கள்.

இதற்கிடையில் நீங்களும் தேடுங்கள். பக்கத்து ஏரியா காயலான் கடைகள், பஞ்சர் கடைகள், பழைய சைக்கிள் விற்கும் கடைகள், ஓ.எல்.எக்ஸ். எல்லாவற்றையும் முதல் ஒரு வாரம் பாருங்கள். பஞ்சர் கடைக்காரர்களுக்கு ஏரியாவில் ஓடுகிற சைக்கிள் ஒவ்வொன்றும் அத்துப்படி, போட்டோவும் போன் நம்பரும் கொடுத்து வையுங்கள். எங்காவது உங்கள் வண்டியைப் பார்த்துவிட்டால் நீங்களே பிடுங்கப் போகாமல் போட்டோ எடுத்துக்கொண்டு 100-க்கு அடித்து சி.எஸ்.ஆர். எண்ணைச் சொல்லுங்கள். திரும்பக் கிடைத்து கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டால் வழக்கு முடியும் வரை அது ஸ்டேஷன் வாசலில் மழையில் துருப்பிடிக்க வேண்டியதில்லை, இடைக்கால ஒப்படைப்பு கேட்டு மனுப் போட்டு வாங்கலாம். அதற்கும் பில்லோ பிரேம் எண்ணோ கேட்பார்கள்.

பிரேம் எண் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் இன்று இரவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு பெடலையும் சேர்க்கிற அச்சு ஓடும் குழாய்க்கு அடியில், சேறும் கிரீஸும் அப்பியிருக்கும் இடத்தில், எழுத்தும் எண்ணுமாக அடித்திருக்கும். சில வண்டிகளில் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் இருக்கும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் தெளிவாகத் தெரியும். டார்ச் அடித்து ஒரு போட்டோ, முழு வண்டியோடு நீங்கள் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ. இரண்டையும் வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். தங்கைக்கு இப்போது வாங்கியிருக்கும் பழைய சைக்கிளின் எண்ணை அவளே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.