கருந்துளையின் சுழற்சியை அளப்பது எப்படி? கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்

பம்பரத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைத்தால் சுற்றுகளை எண்ணிவிடலாம். கருந்துளையில் புள்ளி வைக்க மேற்பரப்பே கிடையாது. அதனால் அதைச் சுற்றிவரும் வாயுவைத்தான் கேட்க வேண்டும். சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளையை வைத்து நாமே கணக்குப் போடுவோம்.

படி 1: நிறை. இதற்குத் துணையாக ஒரு நீலப் பெருவிண்மீன் உண்டு. 5.6 நாளுக்கு ஒரு சுற்று. அந்த ஓட்டத்திலிருந்து கிடைத்த விடை: சுமார் 21 சூரிய நிறை.

படி 2: ஒரு சூரிய நிறைக்கு 1.48 கி.மீ. என்று பெருக்குங்கள். 31 கி.மீ. வரும். இதுதான் நம் அளவுகோல்.

படி 3: வாயு உள்ளே விழுந்துவிடாமல் வட்டமடிக்கக்கூடிய கடைசிப் பாதை எங்கே? சுழலாத கருந்துளை என்றால் 6 மடங்கு, அதாவது 186 கி.மீ. உச்ச வேகத்தில் சுழன்றால் 1 மடங்கு, வெறும் 31 கி.மீ.! மத்தோடு சேர்ந்து தயிரும் சுழல்வதுபோல, சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துச் செல்கிறது. ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாட்டுக்கு 1963-ல் கணிதவியலாளர் ராய் கெர் கண்ட தீர்வு சொல்வது இது. சுழற்சியை 0 முதல் 1 வரையான எண்ணாகச் சொல்வார்கள். (வாயு எதிர்த்திசையில் சுற்றினால் எல்லை 9 மடங்குக்குப் போய்விடும். இதைப் பலர் மறந்துவிடுவார்கள்.)

படி 4: அந்தக் கடைசிப் பாதைதான் சுற்றிவரும் வாயு வட்டின் உள்விளிம்பு. சரி, அந்த விளிம்பை எப்படிப் பார்ப்பது? வட்டின் வெப்பநிலையும் எக்ஸ் கதிர்ப் பிரகாசமும் தொலைவும் தெரிந்தால், ஒளிவிடும் பரப்பைக் கணக்கிட்டு விளிம்பைப் பிடிக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. வட்டில் உள்ள இரும்பு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழும்; நிறமாலையில் அது ஒரு கூர்மையான கோடு. நம்மை நோக்கி வரும் பக்கம் அதை மேலே தள்ளும், விலகும் பக்கம் கீழே இழுக்கும். கருந்துளையின் ஈர்ப்போ ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். கடைசியில் நமக்கு வந்து சேர்வது, கீழ்ப்பக்கம் நீண்ட வால் முளைத்த, சப்பையான ஒரு மேடு. வால் நீள நீள விளிம்பு கருந்துளைக்கு நெருக்கம், சுழற்சி அதிகம். 1995-ல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் தரவில்தான் இந்த வால் முதலில் தெளிவாகத் தெரிந்தது.

முதல் வழியில் தொலைவு தப்பினால் எல்லாமே தப்பும். 2011-ல் சிக்னஸ் எக்ஸ்-1-இன் தொலைவைச் சுமார் 6,070 ஒளியாண்டு என்று வைத்து, நிறை 14.8 என்றும் சுழற்சி 0.95-க்கு மேல் என்றும் சொன்னார்கள். 2021-ல் தொலைவு சுமார் 7,200 ஒளியாண்டு என்று திருத்தப்பட்டதும் நிறை 21-க்கு ஏறியது, சுழற்சி 0.9985-ஐத் தாண்டியது. நம் கணக்கில் விளிம்பு 40 கி.மீ.க்குள் வந்துவிடுகிறது.