வேலூரிலிருந்து கேரளத்துக்கு: மலை, காடு, காயல் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கத் திட்டமிடுவது எப்படி?

வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து குடும்பத்தோடு கேரளம் போக நினைப்பவர்களில் பலர் முதலில் ஊர்ப் பட்டியலைத்தான் எழுதுகிறார்கள். மூணாறு, தேக்கடி, ஆலப்புழை, அதிரப்பள்ளி, கோவளம் என்று பட்டியல் நீண்ட பிறகு, அதை நான்கு நாள் விடுமுறைக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் இவையெல்லாம் அடுத்தடுத்த ஊர்களாகத் தெரிவதே இதற்குக் காரணம். மூணாறிலிருந்து தேக்கடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் தொலைவைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனால் திருவண்ணாமலைக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். மூணாறு–தேக்கடிச் சாலையிலோ எங்கும் நிற்காமல் போனாலே மூன்றரை மணி நேரமாகும், தேநீருக்கும் படம் எடுப்பதற்கும் நின்றால் அரை நாள் கழிந்துவிடும். எனவே இந்தப் பயணத்துக்குக் கிலோமீட்டரில் கணக்குப் போடக் கூடாது. மலைச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், பட்டியலில் பாதி ஊர்கள் தாமாகவே கழன்றுவிடும்.

நான்கு இரவுகள் கையில் இருந்தால் மூணாறில் இரண்டு, தேக்கடியில் ஒன்று, ஆலப்புழையில் ஒன்று என்று பிரித்துக்கொள்வதே ஒரு குடும்பம் களைத்துப் போகாமல் பார்க்கக்கூடிய அளவு. மலையில் தொடங்கிக் காடு வழியாகக் காயலுக்கு இறங்கும் இந்த வரிசையில், ஒரு சாலையில் இரண்டாம் முறை போக வேண்டிய தேவையே வராது. அதிரப்பள்ளியையும் கோவளத்தையும் வேறொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த விடுமுறையில் போவது?

பிள்ளைகள் உள்ள வீடுகளில் பருவத்தைத் தீர்மானிப்பது வானிலையைவிடப் பள்ளி நாட்காட்டிதான். மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும்போது மலைக்கு ஓடத் தோன்றுவது இயல்பு. ஆனால் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து அந்த மாதத்தில்தான் மூணாறுக்கு ஏறுகின்றன. அறை வாடகை உயர்ந்திருக்கும், சாலைகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், ஆலப்புழையில் வியர்வைப் புழுக்கம் வேலூர் வெயிலையே பரவாயில்லை என்று சொல்ல வைக்கும். மே மாதத்தில்தான் போக முடியும் என்றால், மாதத்தின் முற்பாதியிலேயே போய்த் திரும்பிவிடுவது நல்லது.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தில் இறங்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலைப்பகுதிக்குக் குடும்பத்தோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்மீது மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நடந்த நிலச்சரிவையும் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதங்களில் போயே ஆக வேண்டிய நிலை ஏற்பட்டால், வானிலைத் துறை மாவட்டவாரியாக வெளியிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைத் தினமும் பார்க்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளில் மலைச்சாலைகளில் இரவுப் போக்குவரத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பது உண்டு; படகுச் சவாரிகளும் நிறுத்தப்படும்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையே என் தேர்வு. செப்டம்பர் இறுதியில் தென்மேற்கு மழை தணிந்திருக்கும், அருவிகளில் தண்ணீர் குறையாமல் இருக்கும், அறை வாடகையும் உச்சத்தில் இருக்காது. அக்டோபரில் பிற்பகல் வேளைகளில் இடியோடு மழை வரும் என்பதால், வெளியே பார்க்க வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அரையாண்டு விடுமுறையில் குளிரும் தெளிந்த வானமும் சேர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக் காலம். தமிழ்நாட்டிலிருந்து போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளில் பெரும்பகுதி தேக்கடியின் வாசலான குமுளி வழியாகத்தான் போகும், ரயிலிலும் இடம் கிடைக்காது. அத்துடன் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டமும் சேர்ந்துவிடும். பொங்கல் விடுமுறையும் மகரவிளக்கு நாளும் ஒன்றாகவே வருவதால் அதற்கும் இதே நிலைதான். விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் ஜனவரியின் பிற்பாதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரயிலா, வேனா?

ஆறு பேருக்குள் இருந்தால் ரயிலே மேல். சென்னையிலிருந்து புறப்படும் திருவனந்தபுரம் மெயிலும் ஆலப்புழை எக்ஸ்பிரஸும் இரவில் காட்பாடி வழியாகச் சென்று, காலையில் ஆலுவாவில் நிற்கின்றன. மூணாறுக்கு இறங்க வேண்டிய இடம் ஆலுவா; எர்ணாகுளம் வரை போனால் நகர நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டு மீண்டும் வெளியே வர வேண்டியிருக்கும். ஆரணி, குடியாத்தம், இராணிப்பேட்டைப் பக்கத்தவர்கள் காட்பாடியிலும், திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கத்தவர்கள் ஜோலார்பேட்டையிலும் ஏறலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எல்லா விரைவு ரயில்களும் நிற்பதில்லை என்பதால் முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதிலாக 60 நாளாகக் குறைந்துவிட்டது. அந்த 60ஆம் நாள் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது. தத்கல், புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். இணையத்தில் எடுக்கக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு, மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போகிறவர்களுக்கு வேன் வசதி. சேலம், கரூர், திண்டுக்கல், தேனி, போடி வழியாகப் போடிமெட்டு ஏறினால் மூணாறு. முழுப் பகலும் சாலையிலேயே கழியும் என்பதால் தேனியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை வெளிச்சத்தில் மலை ஏறுவது நல்லது. வண்டி மஞ்சள் பலகை கொண்ட வாடகை வண்டியாக இருக்க வேண்டும்; கேரளத்துக்குள் நுழைவதற்கான பர்மிட், வரி ஆகியவை வாடகைக்குள் அடங்குமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் என்பதற்காகச் சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேர்கையில் காப்பீடு கைவிட்டுவிடும்.

மூணாறில் இரண்டு இரவுகள்

ஆலுவாவிலிருந்து மூணாறு ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். சீயப்பாறை, வாளறை அருவிகள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. ஏலகிரியின் 14 வளைவுகளிலேயே தலை சுற்றும் பிள்ளைகளுக்கு இங்கே வளைவுகள் முடிவதே இல்லை என்று தோன்றும். ரயிலிலிருந்து இறங்கியதும் வயிறு நிறையப் பரோட்டா வாங்கிக் கொடுக்காமல், இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நலம்.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூணாறு என்று பெயர் போட்டிருக்கும் பல விடுதிகள் ஆனச்சால், பள்ளிவாசல், சின்னக்கானல் பகுதிகளில் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. மூணாறு பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று நேரடியாகக் கேட்பதே வழி. மொழிக் கவலை வேண்டாம். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் என்பதால், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வேலூரில் போர்த்தும் மெல்லிய சால்வை அங்கே போதாது.

முதல் நாள் பிற்பகலை ஓய்வுக்கு விட்டுவிட்டு, இரண்டாம் நாள் காலை முதல் பேருந்திலேயே இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை, சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதையிலேயே, சில அடி தொலைவில் பார்க்கக்கூடிய இடம் இது. பழகிவிட்ட விலங்குதானே என்று தொடுவதும் தின்பண்டம் நீட்டுவதும் கூடாது. சொந்த வண்டி நுழைவாயிலோடு நின்றுவிடும். அதற்குமேல் வனத்துறையின் பேருந்துதான். நுழைவுச் சீட்டை இணையத்திலேயே எடுத்துவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். வரையாடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா வழக்கமாக மூடப்படும் என்பதால், அப்போது போகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே அறை எடுக்க வேண்டும். குறிஞ்சிப் பூவுக்காகப் போகிறவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். 2018இல் பூத்தது அது. இடையில் எந்த ஆண்டிலாவது "குறிஞ்சி பூத்திருக்கிறது" என்று யாராவது அழைத்தால், வேறு வகைக் குறிஞ்சியாகவோ வேறு மலையாகவோ இருக்கும்.

மூணாறை அடுத்த டாப் ஸ்டேஷன் என்ற காட்சிமுனையும் காலையில் பார்க்க வேண்டிய இடமே. நண்பகலுக்குள் பனிமூட்டம் ஏறித் தேனிப் பள்ளத்தாக்கை மூடிவிட்டால், வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு இரவுத் திட்டத்தில் இரவிகுளம், டாப் ஸ்டேஷன் இரண்டில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும். பிள்ளைகள் உடனிருந்தால் இரவிகுளத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

தேக்கடியில் எதை எதிர்பார்க்கலாம்?

பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பெயரில் புலி இருந்தாலும் படகிலிருந்து புலியைப் பார்ப்பது மிக அரிது. அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். யானை, காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி, நீர்க்காகம் ஆகியவற்றைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அதுவும் மழைக்காலத்தில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வருவது குறைவு. கோடை நெருங்க நெருங்கத்தான் கரைக்கு இறங்கும். பயணம் எந்த மாதமானாலும் நாளின் முதல் படகையே எடுக்க வேண்டும். அந்தப் படகு போகும் ஏரி, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையால் உண்டானது. அணை நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துவது அவற்றின்மேல்தான்.

2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். யானை தெரிகிறது என்றதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவதைப் போல ஆபத்து வேறில்லை. உயிர்காப்புச் சட்டையைக் கட்டிக்கொண்டு, ஒதுக்கிய இருக்கையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஓர் இரவு கூடுதலாகத் தங்க முடிந்தவர்கள், படகைவிட வனத்துறை நடத்தும் மூங்கில் தெப்பப் பயணத்தையோ காட்டு நடையையோ தேர்ந்தெடுக்கலாம். ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப்பட்டை எனும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருடிப் பிழைத்தவர்களைத் திரட்டி, வனத்துறை வழிகாட்டிகளாக மாற்றிய முயற்சியிலிருந்து வளர்ந்தவை அவை. காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மழை மாதங்களில் அட்டைக்கடி நிச்சயம். நுழைவிடத்தில் தரும் அட்டைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

குமுளியில் ஏலக்காய் வாங்கலாம். ஆனால் ஓட்டுநர் தாமாகவே கொண்டுபோய் நிறுத்தும் 'மசாலாத் தோட்டக்' கடையில் விலைக்குள் அவருடைய கமிஷனும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கடைவீதியில் இரண்டு, மூன்று இடங்களில் விலை கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

ஆலப்புழை

குமுளியிலிருந்து குட்டிக்கானம், முண்டக்கயம், கோட்டயம் வழியாக இறங்கினால் நான்கைந்து மணி நேரத்தில் ஆலப்புழை. காலை 8 மணிக்குள் புறப்பட்டால்தான் நண்பகலில் கிளம்பும் படகு வீட்டைப் பிடிக்க முடியும். படகு வீட்டை ஒரு முழு நாளுக்கு எடுத்தாலும் அது ஓடுவது மாலை ஐந்தரை மணி வரைதான். அதன்பின் மீனவர்கள் வலை விரிப்பதால் கரையோரம் கட்டிவிடுவார்கள், மறுநாள் காலை 9 மணிக்கெல்லாம் இறங்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வாடகையைப் பேச வேண்டும். படகைக் கண்ணால் பார்க்காமல் முழுத் தொகையையும் கொடுக்கக் கூடாது. குளிர்சாதன வசதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்த வேளைச் சாப்பாடு, மீன் விலை தனியா என்பனவற்றை முன்பே கேட்டுவிட வேண்டும். விசைப்படகு மீன்பிடிக்குத் தடையுள்ள ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை மீன் விலை ஏறியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளலாம். சாப்பாட்டு மேசையில் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைத்தால் தயங்க வேண்டாம்; அது பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த குடிநீர்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகுகள், ஊர்மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் பேருந்துகளைப் போலவே இயங்குகின்றன. மிகக் குறைந்த கட்டணத்தில் வேம்பநாட்டுக் காயலையும், கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் குட்டநாட்டு வயல்களையும் அவற்றிலிருந்தே பார்த்துவிடலாம். பகலில் அரசுப் படகு, இரவில் கரையில் ஒரு விடுதி என்று வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கு ஆகும் செலவு பெரிதும் குறையும். என் கருத்தில் காயலோர வாழ்க்கையை அருகிலிருந்து காட்டுவதும் இந்தப் படகே.

கடற்கரையில் ஒரு கட்டுப்பாடு தேவை. பாலாற்றில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. அலை எப்படி இழுக்கும் என்பதும் தெரியாது. சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதும் வேண்டாம். கொடி இல்லாவிட்டாலும் காவலர் நிற்கும் பகுதியில், முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைசி இரவை எந்தக் காரணத்துக்காகவும் மலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. மண் சரிவோ மறியலோ நெரிசலோ சாலையை அடைத்துவிட்டால் திரும்பும் ரயில் போய்விடும். ஆலப்புழையில் தங்கியிருந்தால் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கும். ஆலப்புழை எக்ஸ்பிரஸ் அங்கிருந்தே பிற்பகலில் புறப்படுவதால், படகிலிருந்து இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவசரமில்லாமல் ஏறலாம். அது ஜோலார்பேட்டையையும் காட்பாடியையும் விடியலுக்கு முன்பே கடந்துவிடும். எனவே கைபேசியில் விழிப்பொலியை வைத்துவிட்டு, சாமான்களை இரவே கட்டி இருக்கைக்கு அடியில் ஓரிடத்தில் சேர்த்து வைத்துவிட்டுத் தூங்க வேண்டும்.