பயங்கரவாத எதிர்ப்பு நாவலுக்கு வாசகர் கருத்துச் சேர்ப்பது எப்படி? திருகோணமலை வாசகர் வட்டங்களுக்கு

அரசியலும் உளவும் கலந்த விறுவிறுப்பு நாவலை முடித்தவரிடம் "புத்தகம் எப்படி?" என்று கேட்டால், அநேகமாகக் கடைசி ஐம்பது பக்கங்களைப் பற்றித்தான் பதில் வரும். குண்டு வெடித்ததா, உள்ளே இருந்த துரோகி யார் என்று தெரிந்தவுடன், அதுவரை இருந்த சந்தேகமும் அலுப்பும் மனதை விட்டுப் போய்விடும். அதனால் இந்த வகை நாவலுக்குக் கருத்தை மூன்று தடவை கேட்க வேண்டும்.

400 பக்க நாவல் என்றால் 100ஆம் பக்கத்தளவில் ஒரு நிறுத்தம், 320இல் இன்னொன்று, முடிந்ததும் மூன்றாவது. பக்க எண்ணைக் கறாராகப் பிடிக்காமல், அதை ஒட்டி வரும் அத்தியாய முடிவில் நிறுத்துங்கள். கைப்பேசியில் வாசிப்பவருக்குப் பக்க எண் வேறாக இருக்கும். அத்தியாய எண்தான் எல்லோருக்கும் பொது. ஆளுக்கொரு ஏ4 தாளை மூன்றாக மடித்துக் கொடுங்கள். முதல் மடிப்பில்: யாரை நம்புகிறேன், எங்கே அலுத்தது. இரண்டாவதில்: முடிவு எப்படி வரும், நாயகன் செய்ததில் எது பிழை. மூன்றாவதில்: அந்தப் பிழைக்கு நாவல் பதில் சொன்னதா, மறக்கடித்ததா. எழுதிய மடிப்பை உடனே கிளிப் போட்டு மூடிவிட வேண்டும். பழையதைப் பார்த்து எழுதினால், தங்களோடு தாங்களே முரண்படக் கூடாதென்று எல்லோரும் ஒரே கருத்தைத் திருப்பி எழுதுவார்கள்.

எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை. பன்னிரண்டைத் தாண்டினால் பாதிப் பேர் வாய் திறக்காமலே போவார்கள். ஆங்கில நாவல் என்றால், சரளமாக வாசிப்பவரையும் தடுமாறுபவரையும் சோடியாக்கி, சோடிக்கு ஒரு பிரதி கொடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை முதல் ஐந்தரை வரை வசதி: ஞாயிறு காலையில் பூசையும் ரியூசனும் இருக்கும், கிண்ணியா, மூதூர் வாசகர்கள் மஃரிப் தொழுகைக்கு முன் கிளம்பலாம். நோன்பு மாதத்தில் காலை பத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் சந்திப்புக்கு முன் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று கையில் இருக்கட்டும். சீஐஏ அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பு. அமெரிக்காவுக்குள் ஆட்களைக் கைது செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை, அது எஃப்பிஐயின் வேலை. பிரித்தானியாவில் எம்ஐ5 உள்நாட்டைப் பார்க்கிறது, எம்ஐ6 வெளிநாட்டை. இரண்டுக்குமே கைது அதிகாரம் இல்லை. கைது பொலிஸின் கையில். நாவலில் உளவாளி கதவை உடைத்து ஆளைப் பிடித்தால் அது எழுதியவரின் அறியாமையா, வேண்டுமென்றே காட்டிய அத்துமீறலா? நாவலுக்குள் யாராவது அதைத் தட்டிக் கேட்கிறார்களா என்று பாருங்கள். ஒருவரும் கேட்காவிட்டால் பெரும்பாலும் அறியாமைதான்.

தடுப்புக்காவல் காட்சிகளில் நம் வாசகர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வரும். பிரித்தானியாவில் பயங்கரவாதச் சந்தேக நபரைக் குற்றம் சாட்டாமல் வைத்திருக்கக்கூடிய உச்சக் காலம் 14 நாட்கள். 2006 முதல் 2011 வரை 28ஆக இருந்தது. "நாளையோடு காலம் முடிகிறது, விட்டுவிட வேண்டும்" என்று அங்குள்ள நாவல் பரபரப்பை ஏற்றும். இலங்கையின் 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அமைச்சரின் தடுப்புக் கட்டளையில் 18 மாதம் வரை வைத்திருக்க முடிந்த நாட்டில் இருப்பவருக்கு (2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது) அந்தப் பரபரப்பு ஏறாது. அவர் "இழுவை" என்று எழுதுவார். அதை நாவலின் குறையாக அப்படியே பதியாமல், "எந்த இடத்தில், ஏன் ஏறவில்லை?" என்று ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். வாசகர் கருத்தில் மிகப் பெறுமதியானது இந்த வரிதான்.

அடுத்தது சொற்கள். இதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்கினாலும் தகும். நாவலைப் பற்றித் தமிழில் கதைக்கும்போது பயங்கரவாதி, தீவிரவாதி, போராளி, ஆயுததாரி என்ற நான்கும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வாயில் வரும். நமக்கு இவை ஒன்றல்ல. "பயங்கரவாதி" இங்கே சட்டத்தின் சொல். "தீவிரவாதி" என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அதே பொருளில் எழுதுகின்றன. "போராளி" என்றவுடன் ஒரு பக்கம் எடுத்தாகிவிட்டது. எனவே கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்று நிரல்களாகக் கோடிடுங்கள்: சொல், யாரைக் குறித்தது, யார் வாயில் வந்தது. மூன்றாவது நிரலைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டால், ஒரு பொலிஸ் அதிகாரிப் பாத்திரம் சொன்ன வசவு எழுத்தாளரின் தலையில் விழும். கதைசொல்லியே பாத்திரத்தின் சொல்லைக் கடன் வாங்கிப் பேசத் தொடங்கும் இடம் வந்தால், அதை அடிக்கோடிட்டுச் சத்தமாக வாசியுங்கள். நாவல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட ஊர் இது. அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, எதிலும் சம்பந்தப்படாத முஸ்லிம் மக்கள் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள். ஆகவே "உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறதா?" என்று ஒருவரையும் கேட்காதீர்கள். "முஸ்லிம் வாசகராக நீங்கள் சொல்லுங்கள்" என்று பிரதிநிதியாக்கவும் வேண்டாம். தானாக ஒருவர் சொந்த வாழ்க்கையைச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், குறிப்பெடுக்காதீர்கள். ஒலிப்பதிவு வேண்டாம், தாளில் பெயரும் வேண்டாம். ஒரு எண் போதும்.

தொகுக்கும்போது நட்சத்திரம் போட்டுச் சராசரி எடுப்பது பயனில்லாத வேலை. நான்கு பேர் ஐந்தும் நான்கு பேர் ஒன்றும் கொடுத்தால் சராசரி மூன்று. மூன்று என்று நினைத்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை. மாறாக இரண்டாம் மடிப்பையும் மூன்றாம் மடிப்பையும் பக்கத்தில் வைத்து, எத்தனை பேர் மனம் மாறினார்கள், எந்த அத்தியாயத்தில் என்று எண்ணுங்கள். "எட்டில் ஐந்து பேர் சித்திரவதைக் காட்சியைப் பிழை என்றார்கள், முடிவுக்குப் பின் இருவர்தான் அப்படிச் சொன்னார்கள்" என்ற மாதிரியான ஒரு வாக்கியம், அடுத்து அந்த நாவலை எடுப்பவருக்கு உதவும். தொகுப்பு 250 சொற்களுக்குள் இருக்கட்டும். முதல் நிறுத்தத்துக்குப் பின் நடக்கும் திருப்பம் எதையும் அதில் வெளியிடாதீர்கள். எழுதி முடிந்ததும் தாள்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.